கிரிம்ப் பண்ணின பின்னுக்கு மேலே ஈயம் விடலாமா?

கேள்வி, மஸ்கெலியா வாசகர், 2024 மே 14

லொறி, ஜெனரேட்டர் வயரிங் பார்க்கிறேன். 12 பின் கொனெக்டரில் வெறும் கிரிம்ப் மட்டும் (பின்னின் குழலுக்குள் வயரை வைத்துக் கருவியால் அமுக்குவது) போட்டால் இந்த மழைக்கும் பனிக்கும் நிற்காது. கிரிம்ப் பண்ணி மேலே ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி விட்டால்தான் காலத்துக்கும் நிற்கும். எங்கள் பாஸ் அப்படித்தான் பழக்கினார். யாராவது மறுக்க முடியுமா?

மே 14, இரவு

மறுக்கிறேன். ஈயம் விடாதீர்கள். நானும் ஏழெட்டு வருஷம் விட்டவன்தான். என்ன நடந்தது என்று பிளேடால் பிரித்துப் பார்த்த பிறகு நிறுத்தினேன்.

தலவாக்கலைப் பக்கம் ஒரு ஸ்டோர். (வெளியூர்க்காரருக்கு: தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்போம்.) இரவு ரெண்டு மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் தானாகக் கிளம்பி, ஒரு நிமிஷம் ஓடி, சாவியைத் திருப்பி நிறுத்தின மாதிரி நின்றது. மறுபடி போட்டால் ஓடும், மறுபடி நிற்கும். பெனலில் ஒரு அலாரமும் இல்லை. மாடியில் வாட்டப் போட்ட கொழுந்து நிறைந்து கிடக்கிறது. டீமேக்கர் ஐயா டோர்ச்சோடு வந்து பக்கத்திலேயே நின்றார். "தம்பி, ஃபேன் ஓடலைன்னா கொழுந்து சூடேறிடும். விடியறதுக்குள்ள ஏதாவது பண்ணு" என்றார்.

டீசல் விடுகிற சொலனொய்டுக்கு (கரண்டில் வேலை செய்கிற வால்வு) எஞ்சின் ஓடும்வரை கரண்ட் இருந்தாக வேண்டும். அது அறுந்தால் எஞ்சின் அணையும். சொலனொய்ட் நல்லது, ஃபியூஸ் நல்லது, ரிலே நல்லது. மீட்டரை பீப்பில் வைத்துப் பார்த்தால் வயரும் நல்லது. கடைசியில் எஞ்சினை ஓட விட்டு ஒவ்வொரு வயராக விரலால் அசைத்துக்கொண்டே போனேன். 12 பின் கொனெக்டருக்குப் பின்னால் ஏழாவது வயரைத் தொட்டதும் எஞ்சின் நின்றது.

அந்தக் கொனெக்டரை நாலு வருஷத்துக்கு முன் போட்டது நான். கிரிம்ப் பண்ணி, ஈயமும் விட்டிருந்தேன்.

மே 15

நேற்றுப் பாதியில் தூங்கப் போய்விட்டேன். பிளேடால் வயரின் தோலைக் கீறியபோது கண்டது இதுதான்.

அது 32/0.20 வயர்: 0.20 மில்லிமீற்றர் இழை 32 சேர்ந்தது, 1 சதுர மில்லிமீற்றர். பின்னின் குழலுக்குள் எல்லாம் பளபளவென்று இருந்தது. ஈயம் குழலோடு நிற்காமல் இழைகளுக்குள் ஏறி, தோலுக்கு அடியில் இன்னும் 8 மில்லிமீற்றர் போயிருந்தது. அதுவரை வயர் ஆணி மாதிரி விறைப்பு. அந்த ஈயம் முடிகிற இடத்தில், கத்தியால் வெட்டின மாதிரி ஒரே வரிசையில் இழைகள் அறுந்திருந்தன. எண்ணினேன், நாலு மிச்சம். தோலில் ஒரு கீறல்கூட இல்லை. அதனால்தான் வெளியே எதுவும் தெரியவில்லை.

எஞ்சின் அதிரும்போது மெல்லிய இழை வளைந்து வளைந்து கொடுக்க வேண்டும். ஈயம் ஏறிய பகுதி வளையாது. வளைவு முழுக்க ஈயமும் செம்பும் சந்திக்கிற ஒரு கோட்டில் போய் விழும். அங்கே ஒவ்வொரு இழையாகப் போகும். ஆட்டமே இல்லாத இடத்தில், சும்மா ஒரு பெட்டிக்குள் இருக்கிற சர்க்கிட் போர்டில் ஈயத்துக்குக் குறையே இல்லை. லொறியிலும் எஞ்சினிலும் அது எதிரி.

சரியான கிரிம்பில் இழைகளுக்கு இடையே காற்றுப் போகவும் இடமிருக்காது. அழுத்தத்தில் இழைகளின் வட்டம் உருமாறி, தேன்கூடு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். ஈரம் நுழைய வழியில்லாத இடத்தில் பச்சைக் களிம்பு எப்படிப் பிடிக்கும்? மஸ்கெலியா நண்பர் பயப்படுகிற அந்த ஈரத்துக்கு மருந்து நல்ல கிரிம்புதான். கெட்ட கிரிம்பை ஈயம் மூடி மறைக்கும், அவ்வளவே.

மே 15, பின்னேரம்

"மீட்டர் பீப் அடித்தது என்கிறீர்கள், அப்போது வயர் நல்லதுதானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. ஒரு இழை மிச்சம் இருந்தாலும் பீப் அடிக்கும். பல மீட்டர்கள் சில பத்து ஓம் இருந்தால்கூடக் கூவும்.

நான் இப்போது செய்வது: பெட்டரியிலிருந்து ஒரு பல்பு வழியாக 5 அம்பியர் அளவில் கரண்ட் விட்டு, கொனெக்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மில்லிவோல்ட் அளப்பது. நல்ல ஜோடியில் எனக்கு 15, 18 மில்லிவோல்ட் வந்தது. அந்த ஏழாவது வயரில் 140க்கு மேலே போய் நிற்காமல் துள்ளியது. அளக்கும்போது வயரை மெதுவாக ஆட்டுங்கள்.

மே 17

கருவியைப் பற்றிக் கேட்கிறார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குறடால் நசுக்கிவிட்டு "கிரிம்ப் நிக்கல" என்று ஈயத்துக்குப் போகிறவர்கள்தான் முக்கால்வாசிப் பேர். நானும் அந்தக் கணக்கில்தான் ஈயத்துக்குப் போனேன்.

பின் ரெண்டு ஜாதி. ஒன்று கடைசல் பிடித்த முழு உருளைப் பின். வயர் நுழைகிற இடம் மூடிய குழல், பக்கத்தில் ஊசி முனை அளவு ஒரு ஓட்டை. மற்றது தகட்டை வெட்டி மடித்தது, திறந்த இறக்கைகளோடு சுருளாக வரும். ரெண்டுக்கும் ஒரே கருவி போடக் கூடாது. உருளைப் பின்னுக்கு நாலு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் குழி விழுத்துகிற கிரிம்பர். தகட்டுப் பின்னுக்கு இறக்கையை உள்ளே சுருட்டி அமுக்குகிற கிரிம்பர். எதுவானாலும் ரெட்செட் இருக்க வேண்டும், அதாவது முழுக்க அமுக்காமல் வாய் திறக்கவே கூடாது. கை வலித்துப் பாதியில் விட்டுவிடுகிற ஆபத்தை அது தடுக்கிறது.

நாலு குழிக் கிரிம்பரில் ஆழம் சரிசெய்கிற ஒரு திருகு இருக்கும். பின்னின் சைஸ் மாறும்போதெல்லாம் அதையும் மாற்ற வேண்டும். குழல் வாய் மேலே பார்க்கப் பின்னைப் போட்டு, அதன் விளிம்பு கருவியின் மூடியோடு சமமாக வரும்வரை திருகி, பூட்டு நட்டை இறுக்குங்கள். இதைச் செய்யாமல் விட்டால் குழி குழலின் நுனியில் விழும் அல்லது ஓட்டைக்கு மேலேயே விழும். நான் பார்த்த பழுதில் பாதி இதுதான்.

தோல் உரிக்கிற நீளம் 16 சைஸ் பின்னுக்கு (பின்னின் பருமனைக் குறிக்கிற நம்பர்) 6.35 முதல் 7.92 மில்லிமீற்றர். ஒரு அரிசி நீளம் என்று மனதில் வைத்திருக்கிறேன். பல்லால் உரிக்காதீர்கள், பிளேடாலும் வேண்டாம். ஒரு இழை கீறுபட்டாலும் அந்த இழை முதலில் போகும். கிரிம்ப் முடிந்ததும் அந்தச் சின்ன ஓட்டைக்குள் செம்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் வயர் அடிவரை போகவில்லை. வெட்டி எறிந்துவிட்டு அடுத்த பின்னை எடுங்கள். ஒரே பின்னை ரெண்டாம் முறை அமுக்கக் கூடாது.

மே 18

விட்டுப்போனது: வயர் சைஸ். கடையில் நாம் சதுர மில்லிமீற்றரில் வாங்குகிறோம், பின்னில் அமெரிக்க கேஜ் எழுதியிருக்கிறது. 20 கேஜ் 0.52, 18 கேஜ் 0.82, 16 கேஜ் 1.31, 14 கேஜ் 2.08. நம்பர் ஏற ஏற வயர் மெலியும், இதில் புதுப் பையன்கள் எல்லோரும் ஒரு தடவை தடுமாறுவார்கள்.

சிக்கல் எங்கே என்றால் 1.5 சதுர மில்லிமீற்றர் வயரில். அது 16 கேஜை விடப் பெரியது. "16 முதல் 20" என்று போட்ட குழலில் நுழையவில்லை என்று நாலு இழையை வெட்டிவிட்டுத் திணிக்கிறார்கள். வேண்டாம். 14 கேஜுக்கான பின்னைத் தேடுங்கள், அல்லது வயரை 1.0க்கு இறக்கி ஃபியூசையும் அதற்கேற்ப இறக்குங்கள். வீட்டு வயரிங்குக்கு வருகிற தடித்த 7 இழை வயரை எஞ்சினில் கொண்டுபோய்ப் போடவே வேண்டாம், அது ஆட்டத்துக்குச் செய்யப்பட்டதல்ல.

மே 21

இழுத்துப் பார்க்கிற சோதனை. யூஎல் 486ஏ என்கிற அமெரிக்கத் தரத்தில் உள்ள குறைந்தபட்சம்: 20 கேஜுக்கு 13 இறாத்தல், 18க்கு 20, 16க்கு 30, 14க்கு 50. கிலோவில் சொன்னால் 5.9, 9.1, 13.6, 22.7.

எங்களிடம் இழுவை மெஷின் ஏது? மலையில் கொழுந்து நிறுக்கிற தொங்கு தராசு இருக்கிறது. பழையது ஒன்றை வாங்கி கராஜ் உத்திரத்தில் மாட்டி, பின்னை வைஸில் பிடித்து, வயரைக் கொக்கியில் சுற்றி மெதுவாக இழுத்தேன். குறடால் நசுக்கினது மூன்று கிலோவில் வெண்ணெயில் இருந்து வருகிற மாதிரி வந்தது. கிரிம்பர் போட்டது பத்தைத் தாண்டியும் நின்றது. கிரிம்ப் பழகுகிற தம்பி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். "அண்ணே, இன்னொருக்கா" என்று இருபது பின்னைத் தானே இழுத்துப் பார்த்தான். அதற்குப் பிறகு நான் சொல்லாமலே அவன் குறட்டைத் தொடுவதில்லை.

மே 23, வெசாக் லீவு

மேலே எழுதியதில் ரெண்டு திருத்தம்.

ஒன்று, கொழுந்துத் தராசு ஐம்பது கிலோ வரை போகும், அதில் ஆறு கிலோவுக்கும் ஏழு கிலோவுக்கும் வித்தியாசம் முள்ளில் சரியாகத் தெரியாது. பயணப் பை நிறுக்கிற டிஜிட்டல் கைத்தராசு இதற்கு நல்லது, உச்ச அளவைப் பிடித்து வைத்துக் காட்டும். 14 கேஜுக்கு மட்டும் பெரிய தராசு.

ரெண்டு, பண்டாரவளையிலிருந்து ஒருவர் எழுதியது சரி: அந்த எண்கள் பொதுவான குறைந்தபட்சம். பின் செய்தவர் தன் தாளில் வேறு எண் கொடுத்திருந்தால் அதுதான் கணக்கு. இழுத்துச் சோதித்த பின்னைத் திரும்பக் கொனெக்டரில் போடவும் கூடாது. நாளுக்கு முதல் ரெண்டு பின்னைச் சோதனைக்கென்றே பலி கொடுங்கள்.

மே 26

நுவரெலியாவிலிருந்து நல்ல கேள்வி. உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் கொனெக்டரின் வோல்ட் அளவைக் குறைத்துக் கணக்கிட வேண்டுமா?

காற்று மெலிந்தால் பின்னுக்கும் பின்னுக்கும் இடையே பொறி பாய்வது சுலபமாகும், அது உண்மை. ஆனால் ஐஈசி 60664-1 என்கிற சர்வதேச மின்சாரத் தரம் 2000 மீற்றர் வரை ஒரே கணக்குத்தான் வைக்கிறது. நுவரெலியா 1868 மீற்றர், அட்டன் 1271. ரெண்டும் உள்ளேதான். மேலே போனால்தான் இடைவெளியைக் கூட்ட வேண்டும், 3000 மீற்றருக்கு 1.14 மடங்கு. நம் நாட்டில் இதை யோசிக்க வேண்டியவர்கள் ஹோர்ட்டன் சமவெளியிலும் 2524 மீற்றர் பீதுருதலாகலை உச்சியிலும் வேலை செய்கிறவர்கள். அதுவும் 400 வோல்ட் மாதிரி இடத்தில்தான். 12, 24 வோல்ட் லொறிக்கு உயரம் ஒரு பிரச்சினையே இல்லை.

நமக்கு எதிரி ஈரம். வட்டவளைப் பக்கம் வருஷத்துக்கு 5000 மில்லிமீற்றர் அளவில் மழை. நேற்று கினிகத்தேனையில் ஒரு லொறிக்குக் கீழே படுத்து வேலை செய்தேன், தார்ப்பாய்க்கு மேலே கொட்டுகிறது, கீழே ஓடுகிறது, நடுவில் நான்.

ஜூன் 2

மழை இன்னும் விடவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, ஆகவே பின்னை உள்ளே செருகுவதைப் பற்றி எழுதுகிறேன். நம் பக்கம் அதிகம் வருவது டொய்ச் என்கிற பெயரில் வருகிற டிடி வகைக் கொனெக்டர், 2 முதல் 12 பின் வரை. அதை வைத்தே சொல்கிறேன்.

கிரிம்புக்குப் பின்னால் ஒரு அங்குலம் தள்ளி வயரைப் பிடியுங்கள். ரப்பர் சீல் பக்கமிருந்து நேராக, முறுக்காமல் தள்ளுங்கள். "டிக்" என்று விரலில் தெரியும். காதால் கேட்பதை விட விரலில் உணர்வதை நம்புங்கள், ஸ்டோரில் ரோலர் ஓடும்போது காதுக்கு ஒன்றும் கேட்காது. பிறகு லேசாகப் பின்னுக்கு இழுங்கள். வந்தால் பூட்டவில்லை. எல்லாம் போட்ட பிறகு முன்பக்கம் ஆப்பை (பின்கள் கழறாமல் பூட்டிப் பிடிக்கிற பிளாஸ்டிக் துண்டு) அமுக்குங்கள். ஆண் பின் இருக்கிற பாதியில் ஆப்பின் அம்புக்குறி வெளிப் பூட்டைப் பார்த்திருக்க வேண்டும். ஆப்பு சமமாக உட்காரவில்லை என்றால் ஏதோ ஒரு பின் அரைவழியில் நிற்கிறது என்று அர்த்தம். சுத்தியலால் தட்டி உட்கார வைத்தவர்களைக் கண்டிருக்கிறேன். அது ஆப்பு தருகிற எச்சரிக்கை, அதைத் தட்டி அடக்கக் கூடாது.

கழற்ற: ஊசிமூக்குக் குறடால் ஆப்பை நேராக இழுத்தெடுத்து, சின்ன ஸ்க்ரூட்ரைவரால் பூட்டு விரலைப் பின்னிலிருந்து ஒதுக்கிக்கொண்டே வயரைப் பின்னுக்கு இழுங்கள். ரப்பர் சீலைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதுவும் சேர்ந்து வந்துவிடும்.

சீல் நம் ஊருக்கு உயிர். 16 சைஸ் பின்னுக்கு வயரின் வெளி விட்டம், தோலோடு சேர்த்து, 2.24 முதல் 3.68 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும். மெல்லிய தோல் வயர் போட்டால் ரப்பர் பிடிக்காது. ஒரே ஓட்டையில் ரெண்டு வயர் போட்டால் நடுவில் இடைவெளி விழும், தண்ணீர் அதில்தான் வரும். வயர் போடாத ஓட்டைகளுக்கு அந்த வெள்ளை அடைப்பு முளையைக் கட்டாயம் போடுங்கள். ஐபி67 என்று பெட்டியில் எழுதியிருப்பது ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணித்தியாலம் தாங்கும் என்பது. அது ரெண்டு பாதியும் பூட்டி, எல்லா ஓட்டையும் அடைத்திருக்கும்போது மட்டும்.

சூடான எஞ்சின் மேல் மழை விழும்போது கொனெக்டர் மூச்சு இழுக்கிறது. உள்ளே காற்று சுருங்கி, எங்கே சந்து இருக்கிறதோ அங்கே ஈரத்தை உறிஞ்சும். ஒரு லொறியில் தண்ணீர் சீல் வழியாக வரவேயில்லை. ரெண்டடி தள்ளி டேப் சுற்றின ஒரு ஒட்டிலிருந்து, வயரின் இழைகளுக்குள்ளேயே ஊர்ந்து வந்து பின்னை அரித்திருந்தது.

பின் நுழையச் சிரமமாக இருந்தால் கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸ் தடவலாம்.

ஜூன் 3

கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். இந்த சீல் சிலிக்கோன் ரப்பர். சிலிக்கோன் கிரீஸின் எண்ணெய் சிலிக்கோன் ரப்பரை ஊதிப் பருக்க வைக்கும். பழைய சீல்களை எடுத்துப் பார்த்தேன், நான் தாராளமாகக் கிரீஸ் பூசின ரெண்டு, உதடு தடித்து மெத்தென்று இருந்தன. ஐசோபுரோபைல் அற்ககோல் ஒரு துளி போதும், பின் வழுக்கிப் போகும், பிறகு ஆவியாகிவிடும். நேற்று இரவு இதைப் படித்துவிட்டு யாரும் கிரீஸ் வாங்கியிருக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஜூன் 9

மஸ்கெலியா நண்பர் திரும்ப வந்திருக்கிறார். ஈயத்தை விட்டுவிட்டாராம். கிரிம்பர் விலை கேட்டு மனம் உடைந்து போயிருக்கிறார். நியாயம்தான். மூன்று கராஜ்காரர் சேர்ந்து ஒன்று வாங்கி மாறி மாறி வைத்திருக்கிறார்கள் அட்டனில். அப்படிப் பாருங்கள். அல்லது வயர் ஏற்கனவே கிரிம்ப் பண்ணி வருகிற செட்டை வாங்கி, ஆட்டம் இல்லாத இடத்தில் ஒட்டுப் போடுங்கள்.

அவர் கேட்ட இன்னொன்று: டிடியில் ஒரு பின்னுக்கு 13 அம்பியர் என்றால் 12 பின்னிலும் 13, 13 ஆக எடுக்கலாமா? கூடாது. ஒவ்வொரு பின்னும் தன் சூட்டைப் பக்கத்துப் பின்னுக்குக் கொடுக்கும். எல்லாப் பின்னிலும் ஒரே நேரத்தில் சுமை என்றால் நான் பாதிக்கு மேலே போவதில்லை. அது என் பழக்கம், தரம் அல்ல. 25 அம்பியருக்கு டிடிபி என்று 12 சைஸ் பின் வைத்த பெரிய ஜாதி தனியாக இருக்கிறது. சென்சர் மாதிரி சின்ன வேலைக்கு டிடிஎம், 20 சைஸ், 7.5 அம்பியர். டிடியும் டிடிஎம்மும் பார்க்க ஒரே சாயல், பின் மாற்றிப் போட்டு ஏமாறாதீர்கள்.

ஜூன் 16

சின்னதாக ஒன்று. ஸ்டோரில் கலர் சோர்ட்டர் (தேயிலையை நிறம் பார்த்துப் பிரிப்பது) போன்ற மெஷின்களுக்குள் தகட்டுப் பின் வைத்த குட்டிக் கொனெக்டர்கள்தான். அங்கே இறக்கை ரெண்டு ஜோடி: முன் ஜோடி செம்பை, பின் ஜோடி தோலைப் பிடிக்க வேண்டும். ரெண்டுக்கும் நடுவிலுள்ள ஜன்னலில் பாதி செம்பும் பாதி தோலும் தெரிந்தால் சரி. முன் இறக்கை தோலையும் சேர்த்துக் கடித்திருந்தால் இன்றைக்கு வேலை செய்யும், சூடேறினபின் விடும். தங்கம் பூசின பின்னைத் தகரம் பூசின சொக்கெட்டில் போடாதீர்கள். அதிர்வில் தகரம் தேய்ந்து கறுப்புத் தூளாகி நடுவில் நிற்கும். போன மாதம் அப்படி ஒன்றைத் துடைத்தபோது முதலில் தேயிலைத் தூள் என்றே நினைத்தேன்.

9 பின் கேபிளை எல்லோரும் டிபி9 என்கிறோமே, அது உண்மையில் டிஈ-9. நடுவிலுள்ள எழுத்து கொனெக்டரின் வெளிக் கூட்டின் அளவு. 25 பின்னுக்குத்தான் பி. 1952இலிருந்து இருக்கிற கொனெக்டர், பெயர் மட்டும் இன்னும் நம் வாயில் தவறாகவே நிற்கிறது.

ஜூன் 23

மே 14 குறிப்பை இன்றைக்குத் திரும்பப் படித்தேன். அதில் எழுதாதது ஒன்று இருக்கிறது. அந்தத் தலவாக்கலை ஜெனரேட்டரில் அன்றிரவு ஏழாவது வயரை மட்டும் வெட்டிப் புதுப் பின் போட்டு ஓட வைத்தேன். நாலு மணிக்கு ஃபேன் ஓடியது, டீமேக்கர் ஐயா கொழுந்துக்குள் கையை விட்டுப் பார்த்து, "பிழைச்சிடும்" என்றார். மற்றப் பதினோரு பின்னும் ஈயத்தோடு அப்படியே இருந்தன. அடுத்த ஞாயிறு போய்ப் பதினொன்றையும் மாற்றினேன். பிரித்துப் பார்த்ததில் மூன்றில் இழைகள் அறுந்திருந்தன. ஒன்று ஸ்டார்ட்டர் ரிலேக்குப் போகிற வயர்.

நான் ஈயம் விட்ட கொனெக்டர்கள் இன்னும் ரெண்டு ஸ்டோர்களில் இருந்தன. ஒன்றை இன்றைக்கு முடித்தேன். பன்னிரண்டு பின், நாலு வெள்ளை முளை, ஒரு புது ஆப்பு. கூலி வாங்கவில்லை. மற்றது நோர்வூட்டுக்கு மேலே, அங்கே ஞாயிறு மட்டும்தான் கொழுந்து வராது, ஜெனரேட்டரை நிறுத்த விடுவார்கள். 30ஆம் திகதி வரச் சொல்லியிருக்கிறார்கள். தம்பி கிரிம்பரைத் துடைத்துப் பையில் வைத்துவிட்டான்.